இடப்பக்கத்து விளக்கு

திகனவில் முஹ்ஸினின் கராஜுக்குள் அந்த வெள்ளைக் கார் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. வலப்பக்க விளக்கு எரிந்தது. இடப்பக்கம் இருட்டு.

“மறுபடியுமா தம்பி?” முஹ்ஸின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “போன கிழமைதானே போட்டுத் தந்தன்?”

காரை ஓட்டி வந்த திலீபன் பொனட்டைத் திறந்துவிட்டான். சுதர்சினி இறங்கி ஒதுங்கி நின்றாள். தை மாதம் அவனை மணந்து, ஹந்தானை மலையிலிருந்த அவன் வீட்டுக்கு வந்தவள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கார் அவளுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. திலீபனின் முதல் மனைவி நிலூஷா ஆசைப்பட்டு வாங்கியது. நிலூஷா டெங்குக் காய்ச்சலில் போய் இரண்டு வருடம்.

முஹ்ஸின் எரிந்துபோன பல்பைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தார். கண்ணாடி ஒரு பக்கம் கொப்புளித்திருந்தது. கொப்புளத்தின் மேல், கருகிய ஒரு விரல் ரேகை.

“வெறுங்கையால தொட்டா இந்த பல்ப் நிக்காது. கையில ஈக்கிற எண்ணெய் பட்ட எடம் சூடேறிப் போயிடும். அதுக்குத்தான் நான் துணியில்லாம தொடுறதே இல்ல. பொறகு யார்ர வெரல் இது?”

முஹ்ஸினின் விரல்கள் தடித்தவை. சுதர்சினி தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த ரேகை அவளுடையதைவிட ஒடுங்கியிருந்தது.

“தம்பி தனிய ஓட்டினா ஒண்ணுமில்ல. டீச்சர் முன்னுக்கு ஏறினாத்தான் போகுது. காருக்கு உங்களப் புடிக்கல்ல போல டீச்சர்!” முஹ்ஸின் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் இருமிச் சமாளித்தார்.

திலீபன் அந்தப் பல்பை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“குப்பையில போடுங்களேன்” என்றாள்.

“இருக்கட்டும்.”

செத்தவள்மேல் பொறாமைப்படுவது மடத்தனம் என்று சுதர்சினிக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பையையே பார்த்தாள். தான் கொடுத்த எதையும் அவன் இப்படிச் சுற்றி வைத்ததில்லை.

“குடுங்க நானா. புதுசை நான் போடுறேன்” என்று முஹ்ஸினிடம் கை நீட்டினாள்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். கையுறை மாட்டினாள். ஸ்பிரிட்டால் கண்ணாடியைத் துடைத்துத் தானே பொருத்தினாள். இடப்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது. இனி யார் தொட்டாலும் தனக்குத் தெரியாமல் தொட முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

கண்டி நெரிசலைக் கடந்து மலையேறத் தொடங்கும் இடத்தில் திலீபன் வேகத்தைக் குறைத்தான்.

“சுதா, பின்னுக்கு உக்காரேன். இன்னைக்கு மட்டும்.”

“ஏன்?”

“மேல மூடுபனி. லைட் இல்லாம ஏற ஏலாது.”

“தாலி கட்டினதும் என்னை எழுப்பி உங்க இடப்பக்கம் மாத்தி உக்கார வச்சாங்களே, எதுக்கு? வேடிக்கைக்கா? இது என் எடம்ங்க.”

அவன் மறுபடி காரை முடுக்கினான்.

இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் பனி தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக விழுங்கிக்கொண்டு இறங்கியது. வெளிச்சம் எட்டும் தூரம் மட்டுமே பாதை இருந்தது. இரண்டு விளக்குகளும் எரிந்தன. சுதர்சினி அவற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது.

தலைக்கு வைக்கும் எண்ணெய் தீயில் கருகும் வாசனை. அவள் எண்ணெய் வைப்பதில்லை.

இடப்பக்க வெளிச்சம் சிவந்தது.

அணைந்தது.

அடுத்த நொடி வலப்பக்கமும்.

திலீபன் பிரேக்கை மிதித்தான். டயர் சரளைக் கல்லில் வழுக்கிச் சரிந்து நின்றது. அவள் பக்கத்துக் கதவுக்குக் கீழே கற்கள் உருண்டன. அவை அடிவாரத்தில் விழும் ஓசை கேட்கவேயில்லை.

“சுதா. பின்னுக்குப் போ.”

“மாட்டேன்.”

“அவ இப்பிடித்தான். சரியான பிடிவாதக்காரி.” மெல்லச் சிரித்தான். “போம்மா. விழுந்துருவோம்.”

அவன் குரலில் பயமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த கொஞ்சல் அதில் இருந்தது. ஆனால் அது அவளுக்கானதல்ல.

சுதர்சினி கைப்பையை எடுத்துக்கொண்டாள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, காரைப் பிடித்தபடியே விளிம்போரமாகக் கால் வைத்து நகர்ந்து, பின்னால் ஏறிக்கொண்டாள். கதவு சாத்திய சத்தம் அடங்கும் முன்பே இரண்டு விளக்குகளும் எரிந்தன.

பல்புக்குள் அறுந்த இழை தானாக ஒட்டாது. வருடாவருடம் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.

கார் நகர்ந்தது. பனி வழிவிட்டது. திலீபன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

டிங்.

டிங்.

டிங்.

முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. திலீபன் போட்டிருந்தான். பக்கத்து சீட்டில் ஒன்றுமே இல்லை.

அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடக்கையை நீட்டினான். வெறும் காற்றில், ஒரு தோளின் உயரத்தில், நீண்ட முடியை ஒதுக்கிவிடுவதுபோல் விரல்களை நகர்த்தினான். பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

மணி நின்றது.

சுதர்சினி பின்சீட்டில் அசையாமல் இருந்தாள். காலி சீட்டின் குறுக்கே கிடந்த பெல்ட் தொய்ந்து விழவில்லை. முன்பக்கம் புடைத்து நின்று, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.