முதல் வரியில் அம்மாவின் முகம்

குண்டூசி இரண்டு பொய் சொன்னாள். முதல் பொய்யைச் சொன்னது ஒரே ஒருவரிடம். இரண்டாவதை ஊரே படித்தது.

ஆள் ஒல்லி என்பதால் அப்பா வைத்த பெயர் குண்டூசி. வயது பதினொன்று. அவளிடம் மீசை என்று ஒரு பூனை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது இல்லை.

அம்மாவின் தையல் பெட்டியைத் தொடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. குண்டூசி தொட்டாள். சிவப்பு நூலை ஆட்டி ஆட்டி மீசைக்கு விளையாட்டுக் காட்டினாள். தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் நூலைக் காணோம். மீசை வாயை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மீசை சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சொன்னால் திட்டு விழுமே என்று குண்டூசி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அது எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்ததை அம்மா பார்த்துவிட்டு, கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தெருமுனையில் ஒரு விலங்கு மருத்துவர் இருந்தார். எல்லோருக்கும் டாக்டரம்மா. எப்போதும் சிடுசிடுத்த முகம், ஆனால் கை மட்டும் பஞ்சு.

"எப்போலேருந்து சாப்பிடலை?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலேருந்துதான்" என்றாள் குண்டூசி.

அதுதான் முதல் பொய். டாக்டரம்மா அறுவை செய்தார். மீசை பிழைக்கவில்லை.

அன்று சாயங்காலம் குண்டூசிக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. தன் மேல் கோபப்படப் பயமாக இருந்தது. அம்மாவின் போனை எடுத்தாள். தேடும் இடத்தில் டாக்டரம்மாவின் கிளினிக்கைத் தேடி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினாள்: 'எங்க மீசையை இந்த டாக்டர்தான் கொன்னுட்டாங்க. யாரும் போகாதீங்க.'

எழுதியதும் கொஞ்சம் லேசாக இருந்தது. பிறகு அதை மறந்தே போனாள்.

ஒரு மாதம் கழித்து, பள்ளியில் பன்னு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா ரொட்டிக்கடைக்காரர், அதனால் அவன் பன்னு. அவனுடைய நாய்க்கு உடம்பெல்லாம் பழுப்பு, நாலு பாதமும் வெள்ளை. பெயர் சாக்ஸ்.

"பைக் ஏறிடுச்சுடி. பின்னங்காலை எடுத்துட்டாங்க. நாலு சாக்ஸ்ல ஒண்ணு போச்சு" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அய்யோ! எங்கே கொண்டு போனீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அரை மணிக்குள்ள வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு அங்கே சொன்னாங்க."

"தெருமுனையிலேயே டாக்டரம்மா இருக்காங்களே?"

பன்னு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அங்கேதான் போகலாம்னு அப்பா போன்ல பார்த்தார். நல்ல வேளை, உங்க அம்மா எழுதியிருந்தாங்க. இல்லேன்னா சாக்ஸையும் கொன்னிருப்பாங்க. உங்க அம்மாவுக்கு அப்பா தேங்க்ஸ் சொல்லச் சொன்னார்."

மறந்துபோன அந்த ஒற்றை நட்சத்திரம் குண்டூசிக்கு நினைவு வந்தது.

மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்துக் கணினியில் தேடிப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பற்றி யார் யாரோ எழுதியிருந்தார்கள். 'என் கிளியைக் காப்பாற்றினார்.' 'கோபக்காரர், ஆனால் தங்கமானவர்.' கீழே போய்க்கொண்டே இருந்தாள். நூற்று முப்பது பேருக்குப் பிறகு, அடியில் எங்கோ அவள் எழுதியது கிடந்தது. அப்பாடா! இவ்வளவு கீழே யார் படிக்கப் போகிறார்கள்? பன்னுவின் அப்பா வேறு எதையோ பார்த்திருப்பார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பள்ளி விட்டதும் ரொட்டிக்கடைக்கே போய்விட்டாள்.

"மாமா, உங்க போன்ல ஒண்ணு தேடிப் பார்க்கட்டுமா?"

"கையைத் துடைச்சுட்டுத் தொடு" என்று மாவுக் கையோடு தலையசைத்தார் ரொட்டிக்கடை மாமா.

தேடினாள். 'உங்களுக்குத் தெரிந்தவர் சொல்கிறார்' என்று எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. அடுத்து அம்மாவின் படம், நர்ஸ் உடையில், சிரித்த முகமாக. அதன் கீழே அவள் எழுதிய வரிகள். 'இது பயன்பட்டது' என்று இருபத்து மூன்று பேர் அழுத்தியிருந்தார்கள். அந்த நூற்று முப்பது பேரும் அதற்குக் கீழே போயிருந்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நூலகத்துக் கணினிக்கு யாரையும் தெரியாது. இந்தப் போனுக்கு அம்மாவைத் தெரியும். அம்மா குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ். சுற்றியிருக்கும் பத்துத் தெருவில் அம்மாவின் எண் இல்லாத போனே கிடையாது. அத்தனை போனிலும் முதல் வரியில் அம்மாவின் முகம்தான் வந்து நின்றிருக்கிறது. நர்ஸம்மாவே சொல்லிவிட்டார் என்று அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள்.

கடைக்கு வெளியே பன்னு நின்றிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நூலை, மூன்று நாளை, எழுதியதை.

பன்னு ஓரடி பின்னால் நகர்ந்தான். பிறகு, "இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் போனை எடுத்தாள். 'அழிக்கவா?' என்று கேட்டது போன். விரலை வைக்கப் போனவள் நிறுத்தினாள். அழித்தால் போனிலிருந்து போய்விடும். படித்த இருபத்து மூன்று பேரின் மனசிலிருந்து எப்படிப் போகும்?

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டுவே. பரவாயில்லை."

அம்மா திட்டத்தான் செய்தார். "என் முகத்தை வச்சாடி ஒருத்தர் பிழைப்பைக் கெடுத்தே? ஊசி போடறப்போ குழந்தையைப் பயமில்லாம என் கையில கொடுக்கறாங்களே, அவங்க நம்பிக்கைடி அது!" திட்டி முடித்து அம்மா அழுதார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

டாக்டரம்மாவின் கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சு காலியாக இருந்தது. அவர் மருந்துப் புட்டிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பறீங்க?" என்றார் அம்மா.

"யாரும் வராத இடத்துல நான் யாருக்கு வைத்தியம் பார்க்கறது? சுவருக்கா?"

குண்டூசி தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மீசையின் அட்டை. அதில் மைப்பேனாவால் எழுதியிருந்தது: 'குடலில் சிவப்பு நூல். மூன்று நாளாவது ஆகியிருக்கும்.'

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் குண்டூசி.

"வயித்தைத் திறந்தவளுக்குத் தெரியாதா? அங்கே எழுதினது நீதான்னும் தெரியும். உங்க அம்மா எழுதியிருந்தா மீசைன்னு பேரா போடுவாங்க, பூனைன்னு போடுவாங்க."

"அப்போ ஏன் நீங்க பதில் எழுதலை?"

"எழுதினா உங்க அம்மா படிப்பாங்க. பூனையும் போய் திட்டும் வாங்கணுமான்னு விட்டுட்டேன்."

"சாக்ஸுக்குக் கால் போயிடுச்சு" என்றாள் குண்டூசி.

டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. புட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ரொட்டிக்கடை நாயா? இங்கேருந்து அம்பது அடிதானே" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குண்டூசி தரையைப் பார்த்தாள்.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அம்மாவின் அனுமதியோடு, பழைய வரிகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

'போன மாதம் இங்கே எழுதியது எங்க அம்மா இல்லை. நான்தான். எனக்கு வயது பதினொன்று. எங்க மீசை நூலை முழுங்கிடுச்சு. திட்டு விழும்னு மூணு நாள் மறைச்சேன். டாக்டரம்மா கேட்டப்போ பொய் சொன்னேன். மீசை செத்ததுக்கு நான்தான் காரணம், அவங்க இல்லை.'

மறுபடியும் அத்தனை போனிலும் முதல் வரியில் அம்மாவின் முகத்தோடு அது போய் நின்றது.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. தெருவில் சிலர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பள்ளியில் ஒருத்தி, "பூனைக்கொலைகாரி" என்றாள். சாயங்காலம் ஆனால் குண்டூசி டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய், பெட்டியிலிருந்த புட்டிகளை வெளியே எடுத்துத் துடைத்து வைத்தாள். "எதுக்கு? திரும்பக் கட்டணும்" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார். ஆனால் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வாசலில் நிழல் விழுந்தது. ரொட்டி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் டிரே ஒன்றை, ஒரு பக்கம் ரொட்டிக்கடை மாமாவும் மறு பக்கம் பன்னுவும் தூக்கி வந்து பெஞ்சின் மேல் வைத்தார்கள். அதற்குள் பழைய போர்வை மேல் சாக்ஸ் படுத்திருந்தது. காலிருந்த இடத்தில் பெரிய கட்டு.

"கட்டு மாத்தணும். அடுப்புல ரொட்டி இருக்கு, நான் போறேன்" என்று மாமா ஓடினார்.

பெஞ்சின் ஒரு கோடியில் பன்னு உட்கார்ந்தான். மறு கோடியில் கையில் துடைக்கும் துணியோடு குண்டூசி நின்றாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை. சாக்ஸ் மட்டும் அவளைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டியது. அதற்கு யார் என்ன செய்தார்கள் என்றெல்லாம் தெரியாது.

"சாக்ஸ், உள்ளே வா!" என்று டாக்டரம்மா உள்ளறையிலிருந்து அதட்டினார்.

பன்னு எழுந்து டிரேயைத் தூக்கப் பார்த்தான். கனத்தது, ஒரு பக்கம் சாய்ந்தது. சாக்ஸ் முனகியது. அவன் இன்னொரு தடவை முயன்றான், முடியவில்லை.

பிறகு, முகத்தைத் திருப்பாமலே, "அந்தப் பக்கம் பிடி" என்றான்.

குண்டூசி துணியை எறிந்துவிட்டு ஓடி வந்து பிடித்தாள்.