மஞ்சள் சீட்டு

மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் திறந்ததுமே மரியகொறற்றிக்கு அந்த வாசனை பிடிபட்டது. ஊதுபத்தியும் அவித்த காளானும் கலந்த, மத்தியானம் மலைக்கோயில் சமையலறையில் அவள் மூக்கைச் சுளிக்க வைத்த அதே வாசனை. குளிர்ச்சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று கழற்றி வெளியே மாட்டினாள். வாசனை போகவில்லை.

ஏற்கெனவே அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், லா சப்பலில் இறக்கிவிடவேண்டிய பஸ்காரன் தூரத்து ஒபர்வில்லியேயில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். முழங்கால் வலியோடு நடந்து வந்தால், வீட்டில் விளக்குகூடப் போடவில்லை. புருஷன் நீக்கிலாஸ் யன்னலோரக் கதிரையில் இருந்தார். மேசையில் அவள் மூடிவைத்த சோறு தொடாமல் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, மருந்தும் போடேல்லையே?"

"பசிக்கேல்லை. இப்பதான் சாப்பிட்டனான்," என்றார். அவர் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு இருதய ஒப்பரேசன். அதற்காக வேண்டிக்கொள்ளத்தான் அந்த மலைக்கோயிலுக்குப் போனாள். புத்தரிடமா, ஊரில் அவர்களிடம் நாங்கள் பட்டது போதாதா என்று முதலில் மறுத்தவளை, இவர்கள் வியட்நாம்காரர்கள், மலையில் மூன்று கோயில், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம் என்று கீழ்வீட்டுப் பாண்டிச்சேரி இசபெல்தான் இழுத்துப்போனாள். மேலே உள்ள கோயிலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சீட்டுகள் வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் ஏதோ அறிவிப்பு. பின்னால் வரிசை நெருக்கியது. மங்களமான மஞ்சள் இருக்கும்போது யாராவது சிவப்பை எடுப்பார்களா? மாதா கோயில் மன்றாட்டுப் பெட்டிக்கு எழுதுவதுபோல் புருஷன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தாள். மொட்டைத்தலைப் பிக்குணி அவள் கையைப் பிடித்து, மிகவும் பரிவோடு தடவிக்கொடுத்தாள்.

பஸ்காரனைத் திட்டத்தான் இசபெலுக்குப் போன் எடுத்தாள். பேச்சுவாக்கில் மஞ்சள் சீட்டைப் பற்றியும் சொன்னாள்.

"அக்கா, செகப்புலதானே எழுதுனீங்க? மஞ்ச செத்தவங்களுக்கு."

உடனே கோயிலுக்குப் போன் அடித்தாள். திங்கட்கிழமை திறப்போம் என்றது இயந்திரக் குரல். மறுபடி அடித்தாள். அதே குரல். ஒரு சீட்டைக் கிழித்தெறிய ஓர் ஆள் இல்லையா அங்கே? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஐந்தாம் தடவை யாரோ எடுத்தார்கள். பிக்குணி. அரைகுறைப் பிரெஞ்சில் மரியகொறற்றி கெஞ்சினாள்: பிழையாக எழுதிவிட்டேன், அவர் உயிரோடு இருக்கிறார், பெயரை எடுத்துவிடுங்கள்.

பிக்குணி பொறுமையாகக் கேட்டாள். ஐந்து மணிப் பூசையில் எல்லாப் பெயரையும் கூப்பிட்டுச் சோறு வைத்தாகிவிட்டது, சீட்டுகளை எரித்தாகிவிட்டது என்றாள். பிறகு, ஆறுதல் சொல்கிறவளைப்போல, உங்கள் கணவரும் வந்தார், நன்றாகச் சாப்பிட்டார் என்றாள்.

போன் கையிலிருந்து நழுவியது.

அறை இருண்டிருந்தது. கீழே தெருவில் கடைக்காரர்கள் பெட்டிகளை இழுக்கும் சத்தம். உள்ளே மெல்லும் சத்தம். நிதானமாக. ஈரமாக.

"எங்கை சாப்பிட்டனீங்கள்?"

"அங்கை. மேலை." அவர் திரும்பவில்லை. "சரியான சனக்கூட்டம். எனக்கும் இடம் விட்டவை."

வாசனை இப்போது பக்கத்தில். அவர் மூச்சிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். கிட்டப் போனாள். கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுபோனாள்.

மூச்சு இல்லை.

கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. முழங்காலில் விழுந்து, சட்டையை விலக்கி, அவர் நெஞ்சில் காதை அழுத்தினாள். இருபத்தாறு வருடம் தலைவைத்துப் படுத்த நெஞ்சு. ஒரு துடிப்பாவது. ஒன்றே ஒன்று.

எதுவும் இல்லை.

அவளுடைய தலைக்கு மேலே, அவர் வாய் மென்றுகொண்டே இருந்தது. விழுங்கியது. அடுத்த கவளத்துக்காக அகலத் திறந்தது.