வெள்ளை வரிசையில் ஒரு பள்ளம்

முழங்கால் வலி ஹில்டாவின் உயிரை எடுத்தது. நூற்பாலையில் நின்றே தேய்ந்த கால். போலீஸ் சார்ஜன்ட் உடுப்பு போட்ட பிறகும் கல்லறைத் தோட்டத்து மேட்டைக் கண்டால் அழும்.

1962 நவம்பர். வெள்ளி, காலை 8.10.

முதல் உலக யுத்தத்தில் செத்த சிப்பாய்களின் வெள்ளைக் கற்கள். வரிசை நடுவே பல் விழுந்தாற்போல ஒரு பள்ளம். வில்ஃப்ரட் டிரான்ஸ்ஃபீல்டின் கல்லைக் காணோம். ஞாயிறன்று நினைவு நாள், மேயர் வருகிறார்.

"காலிப் பசங்க வேலை," என்றார் கல்லறைத் தோட்டக் கண்காணிப்பாளர் பிக்கர்ஸ்கில். "தோட்டக்காரன் சேத் கேட்டைச் சரியா பூட்டியிருக்க மாட்டான். மதியத்துக்குள்ள கல் வரலேன்னா அவன் சீட்டு கிழிஞ்சிரும்."

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"கேட்டுல வண்டித் தடம்?"

"அதுவும் இல்ல."

ஹில்டா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். பள்ளத்தின் முன்னால் இருந்த ரோஜாச் செடியைப் பெயர்த்து, மறுபடி நட்டு, தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். அடியில் கறுப்புத் தூள்.

"சேத் போட்ட உரமா?"

"அவன் எருதான் போடுவான். ஏதாவது புகைபோக்கியிலேருந்து விழுந்திருக்கும்."

"இந்த ஒரு செடி மேல மட்டுமா?"

8.40. தோட்டத்துத் தேவாலயத்தில் புகைபோக்கி துடைக்கும் மார்த்தாவுக்கு இரண்டு நாள் வேலை. வாசலில் அவள் கைவண்டி; அதில் கடப்பாரை.

"என்ன சார்ஜன்ட்டம்மா, புகைபோக்கி துடைக்கிறவ கையைக் குலுக்கினா அதிர்ஷ்டம்னு வந்தியா? கரி ஒட்டும்."

"ஒட்டட்டும். நேத்து பனிமூட்டத்துல இங்கதான் இருந்தியாக்கா?"

"வேற எங்க போவேன்?"

"கல்யாணத்துக்கு முன்ன உன் குடும்பப் பேரு?"

மார்த்தா துடைப்பானைக் கீழே வைத்தாள். "டிரான்ஸ்ஃபீல்டு. அதுக்கென்ன?"

"கல்லைத் திருடுறவன் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்த மாட்டான். நத்தை ஏறாம இருக்கப் புகைக்கரி தூவ மாட்டான். அது நீ வளர்த்த செடி. கல்லு கேட்டைத் தாண்டல. எங்க வச்சிருக்கே?"

"சுவரோரம் வெறும் புல்லுல. சாக்குக்கு அடியில. ஐவி அத்தையைப் புதைச்ச இடத்து மேல."

பின்னாலேயே வந்த பிக்கர்ஸ்கில் கத்தினார். "வீரனோட கல்லைத் திருடியிருக்கே!"

"அண்ணன் கல்லைத் தங்கச்சிக்குக் குடுத்தேன்யா. வில்ஃப்ரட் பெரியப்பா பட்டாள முகாம்ல காய்ச்சல் வந்து செத்தாரு, அவர் வீரன். அத்தை அதே யுத்தத்துக்குக் குண்டு செய்யுற ஆலை வெடிச்சுச் செத்தா, பத்தொம்பது வயசு. அவ கூலிக்காரியாம், கல்லு கிடையாதாம். நாப்பது வருஷம் கேட்டுப் பார்த்தாச்சு. மேயர் வந்து பள்ளத்தைப் பார்க்கட்டும். சேத்தை விடு. நான்தான்னு எழுதிக்க."

"கல்லு தோட்டத்துக்குள்ளயே இருக்கு. இதுல திருட்டு எங்க வந்துச்சு?" என்றாள் ஹில்டா.

கல் மதியமே வரிசைக்குத் திரும்பியது. சேத்தின் வேலையும் தப்பியது.

ஞாயிறன்று மேயர் சிப்பாய்களின் பெயர்களை வாசித்தார். ஹில்டா முழு உடுப்பில், எல்லோரும் பார்க்க, நொண்டியபடி சுவரோரம் போய் மார்த்தாவின் பக்கத்தில் நின்றாள்.

ஐவி டிரான்ஸ்ஃபீல்டுக்கு இந்த ஊர் ஒரு கல் தர வேண்டும். இன்னும் தரவில்லை.