பட்டியலில் பன்னிரண்டு

பதினொரு வரி இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது. தப்ரேஸ் விரல் வைத்து மறுபடி எண்ணினான். பன்னிரண்டுதான்.

கறுப்புத் திரையில் எல், எஸ் என்று தட்டினால் ஃபோல்டருக்குள் இருப்பவை வரிசையாக வரும். கூட ஒரு கோடும் ஓர் எல்லும் சேர்த்தால் அளவும் நேரமும் தெரியும். அந்தக் கட்டளை எதையும் திறக்காது, எதையும் மாற்றாது. கம்பெனி சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்பவனுக்கு அது கைப்பழக்கம். மனைவி சாதியா இறந்த பிறகு இந்த ஏழு மாதமாக, அவள் பெயரிலுள்ள ஃபோல்டரில் தினமும் அதைத் தட்டிப் பார்க்கிறான்.

சாதியாவுக்குத் தமிழ் எழுத வராது. எதுவானாலும் ஃபோனில் பேசி அனுப்பிவிடுவாள். அவன் ஃபோன் மழையில் நனைந்து செத்தபோது மிஞ்சியவை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்த பதினொரு குரல் ஃபைல்கள். பஸ்ஸிலிருந்து ஒன்று, சயான் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒன்று, கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒன்று. வேறெங்கும் அவள் குரல் இல்லை. வந்த அன்று கேட்டதோடு சரி. இருக்கின்றன என்று தெரிந்தால் போதும் அவனுக்கு.

கீழே யாரோ இரும்பு ஏணியைத் தட்டினார்கள். கீழ்த்தளத்தில் தோல் பை தைக்கும் நாகூர் கனி.

"ஏலே தப்ரேஸ், ஜும்ஆவுக்கு வாரியா?"

"வரல சாச்சா. வேல இருக்கு."

"வெள்ளிக்கிழமயானா உனக்கு மட்டும் எங்கருந்துலே வேல வருது? அந்தப் பொட்டியவே நிக்காஹ் முடிச்சிட்டியா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரிலே. வரும்போது புரோட்டா வாங்கிட்டு வாரேன். சாப்பிடணும், கேட்டியா?"

ஷட்டர் இறங்கியது. சந்தில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தோலின் வீச்சமும் பசையின் காரமும் நனைந்த சாக்கின் வாடையும் தரையில் ஏணி முட்டும் சதுரத் துவாரம் வழியே ஏறிவந்து அறையில் தங்க, தகரக் கூரையில் மழை மட்டும், யாரோ விரல் நுனியால் தட்டிக்கொண்டே எதற்கோ காத்திருப்பது போல, விடாமல் பெய்தது. பகல் ஒரு மணிக்கு அறை சாயங்காலம் போல் இருண்டிருந்தது.

அவன் வைத்த எண் வரிசையிலேயே புதியதற்கும் பெயர்: 12. நேரம், இன்று, ஒரு மணி நான்கு நிமிடம். அளவு பூஜ்யம்.

மறுபடி தட்டினான். பூஜ்யம் இல்லை. மூன்று இலக்கம். மறுபடி. ஐந்து இலக்கம்.

எங்கிருந்தோ எதுவோ இறங்குகிறது என்று நினைத்து வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். மறுபடி தட்டினான். பன்னிரண்டு இன்னும் பெருத்திருந்தது. அப்போதுதான் முதல் வரியைப் பார்த்தான்.

ஒன்று, பூஜ்யம்.

பஸ்ஸிலிருந்து பேசியது. அதில் ஒன்றுமில்லை இப்போது. இரண்டு, பூஜ்யம். மூன்று பாதியாகிவிட்டது. அவன் பார்க்கப் பார்க்கக் குறைந்தது. மேலே குறைவது அத்தனையும் கீழே ஏறியது.

அழிக்கும் கட்டளையைத் தட்டினான். பன்னிரண்டு என்று எழுதினான். என்டர் மேல் விரல்.

அழித்தால் மிச்சம் பிழைக்கும். ஆனால் போனதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. பஸ் இருக்கிறது. ஸ்டேஷன் இருக்கிறது. விரல் இறங்கவில்லை. அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு மறுபடி பட்டியலைக் கேட்டான்.

ஏழு, பூஜ்யம்.

ஒன்பது.

பத்து.

பதினொன்று போனபோது வாயைத் திறந்து "சாதியா" என்றான். ஏழு மாதத்தில் முதல் தடவை.

மறுபடி தட்டினான்.

ஒன்றும் வரவில்லை. பதினொன்றும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. காலி ஃபோல்டருக்கு அந்தக் கட்டளை எதுவுமே சொல்லாது. அடுத்த வரியில் கர்சர் மட்டும் விட்டு விட்டுத் துடித்தது.

மழை நின்றது.

கீழே, ஏணியடியில், "மச்சான்."

அவள் குரல். பின்னால் பஸ் ஹாரன்.

"மேல."

சிரிப்போடு. பின்னால் ரயில் அறிவிப்பு, பாதியில் அறுந்தது.

"வரட்டா."

இருமல். ஆக்சிஜன் சீறும் சத்தம்.

மூன்று வெவ்வேறு நாளில், மூன்று இடத்தில் பேசிய மூன்று சொற்கள். வெட்டி ஒட்டியது போல. அவள் இப்படிக் கேட்டதே இல்லை.

துவாரத்தை மூடும் பலகை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தள்ளினால் போதும். அவன் அதைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான். கர்சர் துடித்தது. இனி அவள் குரல் கீழே மட்டும்தான்.

"வா" என்றான்.

பாயில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டான்.

ஏணி ஒரு படி முனகியது. இன்னொரு படி. துவாரத்தின் விளிம்பில் முதலில் தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. நெற்றிக்கு அடுத்து வாய்.

வாய் மூடியிருந்தது. உள்ளேயிருந்து ஹாரன், அறிவிப்பு, சிரிப்பு, இருமல், எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டன.