முத்துமாரியின் காணாமல் போன கிருமிகள்

1998. ஆம்பூர். சாயங்காலம் நாலு மணி.

ஸ்லைடில் இருக்க வேண்டியவற்றில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் பொன்மலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பெண்ணுறுப்பில் காவலுக்கு நிற்கும் குச்சி வடிவ நல்ல கிருமிகள் பூண்டோடு போயிருந்தன. அந்த இடத்தில் கண்ட கிருமியும் குடியேறியிருந்தது.

காலையிலிருந்து உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. மருந்து ஊற்றித் தரை துடைக்கிற பெருமாள் மூன்று நாளாக லீவு. தரையெல்லாம் செருப்புத் தடம். ஆஸ்பத்திரி மருந்து நெடி வேறு தலைவலியைக் கிளப்பியது.

எதிரே முத்துமாரி. ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறவள், நாலு மாதக் கர்ப்பம். போன பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இதுவும் போய்விடுமோ என்று முகம் வெளிறியிருந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தான் புருஷன் ராஜேஷ். ஜவுளிக்கடை வேலை, மடிப்புக் கலையாத சட்டை.

"வெள்ளை படுது, நாத்தம் வேற. எவன்கிட்ட வாங்கினு வந்தாளோ, நீங்களே கேளுங்க மேடம். இன்னைக்கே அவங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏத்திடுவேன்."

இந்த வசனத்தை எத்தனை புருஷன்கள் வாயில்தான் கேட்பது? பொன்மலருக்குச் சலிப்பாக இருந்தது.

"அந்த மாதிரி வியாதி எதுவும் டெஸ்ட்ல இல்ல. நீங்க வெளிய இருங்க."

அவன் போனதும் கதவு மூடியது.

"சமீபத்துல வேற மாத்திரை எதாச்சும் சாப்டியாம்மா?"

"இல்ல மேடம்."

"கம்பெனி பாத்ரூம்?"

"போறதே இல்ல. வூட்டுக்கு வந்துதான்."

பொன்மலர் ரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்தாள். மருந்து நெடி குப்பென்று ஏறியது. நிமிர்ந்து தரையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"எதைப் போட்டுக் கழுவுற?"

முத்துமாரி கதவைப் பார்த்தபடி சொன்னாள். "தோல் வாடை அடிக்குதும்பாரு. காயம் கழுவுற மருந்துத் தண்ணியால உள்ள வரைக்கும் கழுவினாத்தான் கிட்ட விடுவாரு. நாத்தம் வந்ததும் ஜாஸ்தி ஊத்தச் சொன்னாரு."

"பாட்டில் யார் வாங்கினது?"

"அவருதான்."

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

முத்துமாரி சரியென்று தலையாட்டினாள். கூப்பிட்டதும் ராஜேஷ் உள்ளே வந்தான்.

"குத்தவாளி நீங்கதான்" என்றாள் பொன்மலர். "மூணு நாளா இந்த ரூமை மருந்து போட்டுத் துடைக்கல. ஆனாலும் நெடி அடிக்குது, அது இவ மேல இருந்து. தோல் தைக்கிற பொண்ணு மேல தோல் வாடை இல்ல, மருந்து வாடை! அது தானாவே சுத்தமா இருக்கிற இடம். நல்ல கிருமி புளிப்பு உண்டாக்கி மத்ததை அண்ட விடாது. உங்க பாட்டில் அதைக் கொன்னுடுச்சு, அதான் நாத்தம். நாத்தம்னு இன்னும் ஊத்தினீங்க."

"அப்ப, போன புள்ள?" என்றாள் முத்துமாரி.

"இதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்படி இருந்தா கலையற ஆபத்து ஜாஸ்தி. இந்தத் தடவை சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு, மாத்திரைக்குக் கேக்கும்."

ராஜேஷின் குரல் இறங்கியது. "சுத்தத்துக்குத்தானே மேடம் சொன்னேன். சரி, வா, வூட்டுக்குப் போலாம்."

முத்துமாரி எழுந்தாள்.

"இல்லீங்க. எங்கம்மா வூட்டுக்கே போறேன். அங்க யாரும் என்னைக் கழுவினு வரச் சொல்ல மாட்டாங்க."

பொன்மலர் மாத்திரைச் சீட்டை அவள் கையிலேயே கொடுத்தாள்.