மூக்கில் அறுபது கிலோ

காலை ஏழரைக்கே பிணையர் அறையில் எட்வினை எடை பார்த்து, கையில் பட்டை கட்டிவிட்டார்கள். தலைக்கவசம் அவனுக்குக் கொஞ்சம் பெரிது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறமிருந்து அக்கா ஜெசிந்தாவைப் பார்த்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பல்லைக் காட்டினான். அவள் தலைக்கவசத்தின் வாரை இறுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

விமானம் அவளுடைய வடிவமைப்பு. கடல் ஏறிவந்து ஊர்களைத் தீவுகளாக்கிய பிறகு நீண்ட ஓடுதளத்துக்கு எங்கே இடம்? இருநூறு மீட்டரில் எழும்பியாக வேண்டும். அதற்காகப் பெரிய இறக்கையைப் பின்னுக்குத் தள்ளி, மூக்கருகே சின்னதாக ஒரு முன்சிறகு வைத்திருந்தாள். இது பின்பக்கமாகப் பறக்குமா என்று கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அவளுடைய பயம் வேறு. வேகம் குறைந்தால் முன்சிறகுதான் முதலில் காற்றின் பிடியை இழக்க வேண்டும். மூக்கு தாழும், வேகம் திரும்பும், பிழைத்துக்கொள்ளலாம். பின்னிறக்கை முந்திக்கொண்டால் வால் தொங்கிவிடும், அப்புறம் கடல்தான். பின்வரிசைகளில் ஆள் நிறைந்தால் எது முந்தும்? அவள் கணக்கு இரண்டு முறை ஒரு விதமாகவும் மூன்றாம் முறை வேறு விதமாகவும் சொன்னது.

முதல் பறத்தலில் வடிவமைத்தவரின் உடன்பிறப்போ பிள்ளையோ பிணையராக உட்கார வேண்டும் என்பது சட்டம். முன்பெல்லாம் வடிவமைத்தவர்களே ஏறினார்கள். வீம்புக்காகச் சாகவும் அவர்களில் பலர் தயாராக இருந்ததால் சட்டத்தை மாற்றினார்கள். அன்றிலிருந்து எடைத்தாளை யாரும் சரிபார்ப்பதில்லை. சொந்த ரத்தத்தை ஏற்றிவிட்டு எவர் பொய் சொல்வார் என்பார் சோதனை அதிகாரி சபேசன்.

நேற்று மாலை ஜெசிந்தா மூக்கறையில் ஒரு பெட்டியை வைத்தாள். எடைத்தாளில், சோதனை முடிந்ததும் கழற்றிவிடும் ‘பதிவுக்கருவி’ என்று எழுதினாள். உள்ளே இருந்தது அறுபது கிலோ ஈயம். மூக்கு கனத்தால் முன்சிறகுதான் முந்தும்.

விமானம் எழும்பியது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் விமானி கபீரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. “வேகத்தக் குறைக்கிறேன்.”

“யக்கா, ரொம்பக் குலுங்குது,” என்றான் எட்வின். ஜெசிந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு நிமிர்ந்தது, ஒரு கணம் அப்படியே நின்றது, மெல்லத் தாழ்ந்தது.

“ஏ யப்பா! வயிறு வாய்க்கு வந்துட்டு!”

அவள் உட்கார்ந்து அழுதாள்.

இறங்கியதும் எட்வின் ஓடிவந்தான். “நாளைக்கு முத பயணத்துல பின் ரெண்டு வரிசையும் நம்ம தெருதான்க்கா. எட்டு பேருக்கும் பேரு குடுத்துட்டேன்.”

சபேசன் ஒப்புதல் பலகையை நீட்டினார். “ரேகை வைங்கம்மா.”

அவள் கை எழவில்லை. “எட்வின், நீ ஏறுறன்னு மூக்குல ஈயம் வச்சிருந்தேன்டா. அது இல்லாம, பின்னால ஆளு நெறஞ்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியல.”

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். சிரிப்பு போய்விட்டது. “அந்த எட்டு பேருக்கு அக்கான்னு யாரு இருக்கா?”

ஜெசிந்தா ‘நிராகரிப்பு’ என்ற கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினாள். மூன்று வருட உழைப்பு அதோடு போயிற்று.

சபேசன் கோபப்படவில்லை. “தம்பிக்காகத் தாள்ல பொய் எழுதினீங்களா?”

“ஆமா சார்.”

“மத்தவங்களும் இப்படி...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பதினாறு வருடங்களில் அவர் ஒப்புதல் தந்த விமானங்கள் முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய தம்பியோ மகளோ உட்கார்ந்து பத்திரமாக இறங்கியிருந்தார்கள். ஒரு பெட்டியைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

அவர் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். “நான் ஒப்புதல் குடுத்த விமானம் இப்ப மேல எத்தன இருக்கு?”

“பதினொன்னு சார்,” என்றது குரல். “எல்லாம் ஃபுல்.”