அளவு சரியென்றால் சேரும்

பலகை முனையில் செருகியிருந்த மரக்கட்டை தரையில் கிடந்தது.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி செல்வநாயகம் குனிந்து அதை எடுத்தார். பொம்மை ரயில் முனை தாண்டி விழாமல் தடுக்கும், நெருப்புப்பெட்டி அளவுள்ள கட்டை. இறுகச் செருகிவிட்டால் இடுக்கி போட்டு இழுத்தால்தான் வரும். காலையில் அவரே செருகியிருந்தார். எலி தட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பொருத்தப் போனபோது, கட்டையின் அடிப்பக்கம் ஈரமாக இருப்பது விரலில் பட்டது. விரல் சிவந்திருந்தது. செம்மண். மழை தொடங்கியதிலிருந்து அந்த அறைக்குள் வெளியாள் யாரும் காலெடுத்து வைக்கவில்லை. கட்டையைத் துடைத்து மறுபடி இறுகச் செருகினார்.

நீள மேசையின் மேல் இரண்டு பலகைகள் முனையோடு முனை சேர்ந்து கிடந்தன. ஒன்று அவர் செய்தது. மற்றது தம்பிராஜா செய்தது. ரப்பர் ஷீட் அடுக்கும் பெட்டிகளின் பலகையை அறுத்து, சின்னத் தண்டவாளம் பதித்து, குன்றும் மரமும் ஸ்டேஷனும் வைத்து, ஆளுக்கொரு துண்டாகத் தங்கள் தங்கள் வீட்டில் செய்துவைத்து, ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் கொண்டுவந்து சேர்த்து ரயில் விடுவது அவர்கள் இருவரின் பைத்தியம். விதி ஒன்றே ஒன்றுதான். முனையின் உயரமும், தண்டவாளம் வந்து நிற்கும் இடமும், போல்ட் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுவில் அவரவர் இஷ்டம்.

“அளவு சரியெண்டால் ஆர் செய்தாலும் சேரும், ஐசே,” என்பார் தம்பிராஜா. “நான் செத்துப்போனாலும் என்ர பலகை உம்மட பலகையோட வந்து சேரும்.”

சேர்க்கும்போது ஒருவர் மேலே பலகையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேசைக்கு அடியில் புகுந்து நட்டுகளை முடுக்க வேண்டும். அடியில் போவது எப்போதும் தம்பிராஜாதான். மேசையைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த பழைய சேலைக்குள்ளிருந்து அவருடைய கை மட்டும் வெளியே வரும். வாய் திறந்து கேட்க மாட்டார். ஸ்பேனர் வந்து விழும்வரை உள்ளங்கை விரிந்தபடியே காத்திருக்கும்.

அந்தக் கை எரிந்து சாம்பலாகிவிட்டது. சுங்கை காடுட் தாண்டி ஒரு வளைவில் யாரோ தண்டவாள ஆணிகளைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஸ்டேஷன் கிளார்க் தம்பிராஜா முதல் பெட்டியில் இருந்தார்.

செத்த வீட்டில் செல்வநாயகம் அழவில்லை. கூடத்து மூலையில் துணி போர்த்திக் கிடந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பலகையில் தண்டவாளம் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும். வளைவுகள் கணக்குப் போட்டு வளைத்தவை. ஆனால் தோட்டத்துத் துரை வந்து பார்த்த அன்று அவருடைய பலகைக்கு ஒரு தலையசைப்புதான் கிடைத்தது. தம்பிராஜாவின் பலகைக்கு முன்னால் துரை முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அதில் பீர்க்கங்கூட்டைப் பச்சையில் தோய்த்துச் செய்த ரப்பர் மரங்கள் நின்றன. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் கடுகளவு கோப்பை. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டி மனிதர்கள் செய்திருந்தார். விரல்நகம் உயரம்கூட இல்லாத மனிதர்கள்; ஆனாலும் யார் யாரென்று தெரியும். குழாயடியில் துணி பிழியும் ஒருத்தியைப் பார்த்து, செல்வநாயகத்தின் மனைவி பராசக்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ, இது நான்தானே!”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. தம்பிராஜா எத்தனை நாள், எங்கிருந்து அவளை அவ்வளவு உற்றுப் பார்த்திருப்பார் என்ற கேள்வி அன்றிரவு அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்ததும் தம்பிராஜாவின் மனைவி கமலாதேவியிடம் போய், பலகையைக் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்துத் தருகிறேன் என்று வாங்கிவந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, இன்ஜினின் சாவியையும் கேட்டார். இருவருக்குமாக இருந்தது ஒரே ஒரு இன்ஜின். சாவி கொடுத்தால் ஓடுவது.

அந்த விதவை அவரை வெகுநேரம் பார்த்தாள். “அவற்ர சட்டைப் பையில கிடந்தது, அண்ணை. அதோடயே எரிச்சாச்சு.”

அதன்பின் இன்ஜின் அவருடைய பலகையின் மேல் அசையாமல் நின்றது.

மத்தியானம், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி வேலியோரமாக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. அதற்கு அப்பால் கோலா சாவா ரோட்டில் ராணுவ லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

“கிராணி ஐயா, நாளைக்கு வெள்ளன வரைக்கும் கர்ப்யூவாம். ஒரு பய வெளிய தல காட்டக்கூடாதுன்னுட்டாங்க. எனக்கு மட்டும் பாஸ் குடுத்து மழையில நனையச் சொல்லியிருக்காங்க, பாருங்க லா.”

“சரி, போ.”

“இன்னொண்ணு. கர்ப்யூ எடுத்ததும் தொர இங்கதான் வாராராம். தம்பிராசா ஐயா ரயிலப் பாக்கணும்னாரு.”

“யாருடைய ரயில்?”

“தம்பிராசா ஐயா ரயிலுங்க. செத்தும் பேரு நிக்குது பாருங்க, குடுத்து வச்ச மனுசன்!”

ஜன்னலைச் சாத்தினார். தம்பிராஜாவின் ஸ்டேஷன் வாசலில், தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்தபடி ஒரு ஒட்டுப்பால் பொம்மை நின்றது. அதை நகத்தால் நெம்பி எடுத்தார். அந்த இடத்தில், மெழுகில் தானே செய்த பொம்மையை நிறுத்தினார். அவரைப் போலவே கண்ணாடி போட்ட, கை கட்டிய பொம்மை. துரை கேட்டால், எல்லாம் நான் செய்தது என்று சொல்லிவிடலாம். செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்? பழைய பொம்மையை அடுப்பில் போட்டார். அது சுருண்டு சீறி, வெகுநேரம் அணையாமல் எரிந்தது.

“இஞ்சாருங்கோ, என்ன இது, செருப்பு எரிஞ்ச மாதிரி மணக்குது?” என்றாள் பராசக்தி, உள்ளிருந்து.

“ஒண்டுமில்லை. பழைய ரப்பர்.”

“ரெண்டு நாளா அறைக்குள்ள பூந்திருந்து என்ன செய்யிறியள்?”

“புதுப் பலகை,” என்றார் அவர். பொய் எளிதாக வந்தது.

பொழுது சாயும் முன்பே மழை வீட்டை இருட்டாக்கிவிட்டது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஓலைச் சாய்ப்பில் தண்ணீர் சொட்டும் சத்தமும், கடப்பாரை போல் நிமிர்ந்த ரப்பர் மரங்களுக்கிடையே காற்று நுழைந்து வெளியேறும் சத்தமும், அவற்றுக்கும் அடியில் எரிந்த ஒட்டுப்பாலின் நாற்றமும், கூடத்துச் சாய்வுநாற்காலியில் கண்மூடிக் கிடந்த செல்வநாயகத்தை மெல்ல மெல்லச் சூழ்ந்தன. நாற்றம் குறைய வேண்டிய நேரத்தில் கூடிக்கொண்டே வந்தது. கருகிய வாசனை போய், பச்சை வாசனையாக, ஈர மண்ணும் புளித்த பாலும் கலந்த வாசனையாக மாறியது.

அப்போதுதான் அது கேட்டது.

கர்ர். கர்ர். கர்ர்.

பல்சக்கரம் பல்சக்கரத்தில் ஏறும் சத்தம். யாரோ அவசரமில்லாமல், நின்று நின்று, சாவி கொடுத்தார்கள்.

அவர் அசையவில்லை. பராசக்தி சமையல்கட்டில் பாத்திரம் கழுவுவது கேட்டது. வீட்டில் வேறு ஆளில்லை.

சத்தம் நின்றது. பிறகு டிக்டிக்கென்று இன்ஜின் ஓடத் தொடங்கியது. அவருக்கு ஒவ்வொரு அங்குலமும் மனப்பாடம். இப்போது அவருடைய வளைவு. இப்போது பலகைகள் சேரும் இடம். சக்கரம் அங்கே ஒருமுறை தட்டும். தட்டியது. இப்போது தம்பிராஜாவின் ஸ்டேஷன். அதைத் தாண்டினால் முனை. கட்டை. இடித்து நிற்க வேண்டும்.

இடிக்கவில்லை.

சக்கரம் இன்னொரு முறை தட்டியது. சேரும் இடத்தில் தட்டுவது போலவே. டிக்டிக் சத்தம் அப்பால், அங்கே பலகையே இல்லாத இடத்தில், போய்க்கொண்டே இருந்தது.

எழுந்தார். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. அறைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி பராசக்தி மேசைக்கு முன்னால் நின்றாள். முழங்காலிட்டாள். துரை உட்கார்ந்தது போலவே.

“எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறியள்!” என்றாள்.

மூன்றாவது பலகை.

தம்பிராஜாவின் பலகையோடு மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தது. உயரம் சரி. தண்டவாளம் சரி. அதன் மேல் செம்மண், ஈரமாக. ஒரு வளைவு. வளைவில் பிடுங்கிய ஆணிகள், ஒவ்வொன்றும் எள்ளளவு. சரிந்து கிடக்கும் பெட்டிகள். இன்ஜின் அவற்றின் நடுவே நின்று, இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒட்டுப்பால் மனிதர்கள் படுத்திருந்தார்கள். ஒருவனுக்கும் முகம் இல்லை.

ஸ்டேஷன் வாசலைப் பார்த்தார். அவருடைய மெழுகுப் பொம்மை அங்கே இல்லை. தொப்பியைச் சற்றே சாய்த்த பொம்மை நின்றது. நெருப்பின் கரி ஒட்டாமல்.

பராசக்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு. எத்தனையோ நாள் அவர் ஏங்கிய சிரிப்பு. முதல் பெட்டிக்கு அடியில் பாதி உடம்பு நசுங்கிக் கிடந்த ஒன்றை அவள் விரல் தொட்டது. அதற்கு மட்டும் சின்னக் கண்ணாடி.

“ஐயோ, இது நீங்கள்தானே!”

அவர் கண் மேசை விளிம்புக்குப் போயிற்று. மேலே சேர்ந்திருக்கிறது. மேலே சேர வேண்டுமென்றால்.

அடியில் ஒருவர் இருக்க வேண்டும்.

சேலைத் திரை மெல்ல விலகியது. கை வெளியே வந்தது. முழங்கைவரை செம்மண். வாய் திறந்து கேட்கவில்லை. எப்போதும் போல உள்ளங்கை விரிந்து நின்றது.

ஆனால் இம்முறை வெறுங்கையாக இல்லை. நடுவில், தீயில் கருத்த சின்னச் சாவி.

அவர் எடுத்துக்கொள்ளும்வரை கை காத்திருந்தது.